வேறு காரணத்துக்கு எடுத்த சி.டி.யில் கல்லீரல் கொழுப்பைக் கணினியைக் கொண்டு அளப்பது எப்படி

சிறுநீரகக் கல்லுக்காக ஒருவருக்கு சி.டி. எடுக்கிறோம். நுரையீரலைப் பார்க்க இன்னொருவருக்கு, இதயத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேறொருவருக்கு. மூன்று படத்திலும் கல்லீரல் முழுதாகவோ மேல்பாதியாகவோ வந்துவிடுகிறது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் பெரும்பாலும் யாரும் சொல்வதும் இல்லை.

நான் கதிரியக்க மருத்துவர். வயிற்றுப் படங்களை வாசித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இப்படித் தற்செயலாகக் கிடைக்கும் கல்லீரல்களில் கொழுப்பைத் தானாக அளக்கும் ஏற்பாடு ஒன்றை எங்கள் துறையில் அமைத்து நடத்தி வருகிறேன். அதே வேலையைத் தொடங்க நினைக்கும் மருத்துவர், டெக்னீஷியன், நிரல் எழுதுபவர் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணினியிடமிருந்து ஓர் எண்ணை வாங்குவது இன்றைக்கு ரொம்பச் சுலபம். அந்த எண் எந்தப் படத்திலிருந்து வந்தது, அந்தப் படம் அளப்பதற்குத் தகுதியானதுதானா என்று பார்ப்பதில்தான் உழைப்பில் முக்கால்வாசி போகும்.

சி.டி. எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000, கொழுப்புக்கு ஏறத்தாழ −100. கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய்கள் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் அயோடின் மருந்து) போடாத படத்தில் ஆரோக்கியமான கல்லீரல் பொதுவாக 55 முதல் 65 வரை இருக்கும். மண்ணீரல் அதைவிடப் பத்துப் புள்ளி போலக் குறைவு. கல்லீரல் செல்களில் கொழுப்பு சேரச் சேர அந்த எண் கீழே இறங்கும். கண்ணாலேயே இதைப் பார்க்க முடியும். வழக்கமாகக் கல்லீரலுக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் சுற்றியுள்ள திசுவைவிடக் கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். கொழுப்பு நிறைந்த கல்லீரலில் திசு கறுத்துப்போய், கான்ட்ராஸ்ட் போட்ட மாதிரி குழாய்கள் வெளுத்துத் தெரியும். அப்படி இருந்தால் எந்த சாஃப்ட்வேரும் தேவையில்லை. இடைப்பட்ட கல்லீரல்களுக்குத்தான் கணினி உதவி வேண்டியிருக்கிறது.

சி.டி.க்கு ஓர் எல்லை உண்டு. மிதமான, அதிகமான கொழுப்பை நன்றாகப் பிடிக்கும். லேசான கொழுப்பில் தடுமாறும். துல்லியம்தான் முக்கியம் என்றால் எம்.ஆர்.ஐ.யில் கொழுப்புப் பங்கை அளக்கும் முறை இருக்கிறது. அதில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் கொழுப்புக் கல்லீரல். அல்ட்ராசவுண்ட் எங்கும் கிடைக்கிறது, கதிர்வீச்சும் இல்லை. ஆனால் அதுவும் லேசான கொழுப்பைத் தவறவிடும், பார்ப்பவரின் கையைப் பொறுத்து மாறவும் செய்யும். கொழுப்பைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை சி.டி.க்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே எடுத்த படத்தை வீணாக்காமல் இருப்பது மட்டும்தான் இங்கே நோக்கம்.

சரி, படத்தைத் தேர்வுசெய்வோம். ஒரே ஆளுக்கு ஒரே தடவையில் எடுத்த சி.டி.யில் நாலைந்து சீரீஸ், அதாவது படத் தொகுப்புகள், இருக்கும். நமக்கு வேண்டியது கான்ட்ராஸ்ட் இல்லாதது, மென்திசுவுக்கான கெர்னலில் (மூலத் தரவைப் படமாக்கும் வடிகட்டியில்) உருவாக்கியது, எக்ஸ்ரே குழாய்க்கு 120 கிலோவோல்ட் கொடுத்து எடுத்தது. எலும்பு, நுரையீரல் கெர்னல்களில் உருவாக்கியதை ஒதுக்கிவிடுங்கள். இந்த விவரமெல்லாம் டைகாம் எனும் மருத்துவப் படக் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். சீரீஸின் பெயரை மட்டும் நம்பக் கூடாது. மெஷினில் பழைய புரோட்டோகாலை நகலெடுத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கும்போது பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

“மேடம், சீரீஸ் பேர்ல ப்ளெயின்னுதானே இருக்கு?” என்று புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் ஒருவர் என்னிடம் கேட்டார்.

“பேரை விடுங்க. அயோர்ட்டாவுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க” என்றேன். ப்ளெயின் என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாதது; அயோர்ட்டா என்றால் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி. அதில் 140 இருந்தது.

இந்தச் சோதனையைக் கட்டாயம் நிரலிலேயே போட்டுவிடுங்கள். கான்ட்ராஸ்ட் இல்லாத ரத்தம் பொதுவாக 35-லிருந்து 50 வரைக்கும்தான் இருக்கும். ரத்தசோகை இருந்தால் இன்னும் குறையும். அயோர்ட்டாவின் சராசரி 70-ஐத் தாண்டினால் அந்தப் படத்தை எங்கள் ஏற்பாடு தானாகவே தள்ளிவிடும். கான்ட்ராஸ்ட் போட்ட கல்லீரல் நூறுக்கு மேல்கூடப் போகும். அங்கே கொழுப்பை மதிப்பிட வேறு வரம்புகள் இருக்கின்றன. ஆனால் கான்ட்ராஸ்ட் எவ்வளவு போட்டார்கள், எத்தனை விநாடி கழித்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் ஆடும். தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கிலோவோல்ட் விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. ஒல்லியானவர்களுக்குக் கதிர்வீச்சைக் குறைக்க 100 அல்லது 80 கிலோவோல்ட்டில் எடுப்பது இப்போது வழக்கம். வோல்ட் குறையும்போது கொழுப்பின் எண் இன்னும் கீழே போகும், அயோடின், இரும்பு போன்றவற்றின் எண் மேலே போகும். 120-க்குச் சொன்ன வரம்பை 80-இல் எடுத்த படத்தின் மேல் வைத்தால் விடை சாய்ந்துவிடும். இரட்டை ஆற்றல் சி.டி.யில் கான்ட்ராஸ்ட்டைக் கணக்குப் போட்டுக் கழித்து உருவாக்கும் ‘போலி ப்ளெயின்’ படங்களும் அப்படித்தான். நான் இவற்றையெல்லாம் தனித்தனிக் கூடையில் வைத்திருக்கிறேன், ஒன்றாகக் கலப்பதே இல்லை.

ஃபிலிமைப் போனில் படம்பிடித்தோ, ஜேபெக் ஆக்கியோ அனுப்பி, “இதில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணே கிடையாது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம் இருக்கும். மூல டைகாம் கோப்பு வேண்டும். அதிலும் சேமித்த எண்ணை ஹவுன்ஸ்ஃபீல்டாக மாற்றும் பெருக்கல், கூட்டல் மதிப்புகள் தலைப்பில் இருக்கும். அவற்றைப் போட மறந்தால் கல்லீரல் ஆயிரத்துச் சொச்சம் என்று காட்டும். உடம்புக்கு வெளியே, ஆனால் ஸ்கேன் வட்டத்துக்குள் இருக்கும் காற்று −1000 பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மெஷினின் அன்றாடத் தண்ணீர்ச் சோதனை 0-க்கு அருகே வருகிறதா என்றும் டெக்னீஷியனிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் துறையை விட்டு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். தலைப்பை மட்டும் சுத்தம்செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. கதிர்வீச்சு அளவுப் பக்கம் என்று கூடவே வரும் படத்தில் நோயாளியின் பெயர் படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்திருக்கும்.

இனி கல்லீரலைப் படத்திலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. ஒரு காலத்தில் இதுதான் பெரிய பாடு; ஒவ்வொரு வெட்டிலும் ஓரத்தை மவுஸால் வரைந்துகொண்டிருப்போம். 2015-இல் வந்த யூ-நெட் என்ற நரம்பு வலைப்பின்னல் அமைப்பும், அதன் மேல் கட்டிய என்என்யூ-நெட்டும் அந்தப் பாட்டைக் குறைத்துவிட்டன. நான் பரிசோதனை வேலைக்குப் பயன்படுத்துவது டோட்டல்செக்மென்டேட்டர். பாசெல் பல்கலைக்கழக மருத்துவமனைக் குழு உருவாக்கி இலவசமாக வெளியிட்டது. முதல் வெளியீட்டிலேயே உறுப்பு, எலும்பு, தசை, ரத்தக்குழாய் என 104 உடற்பகுதிகளைப் பிரித்துக் கொடுத்தது. கல்லீரல், மண்ணீரல், அயோர்ட்டா, பித்தப்பை எல்லாம் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். நிரல் பழக்கம் இல்லாதவர்கள் த்ரீடி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளுக்குள் இதை நீட்டிப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் பொறுமை வேண்டும். வேகமான, கொஞ்சம் கரடுமுரடான முறை ஒன்றும் அதில் இருக்கிறது. சராசரி எண் மட்டும்தான் வேண்டும் என்றால் அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் ஓரத்தை எப்படியும் சுரண்டி எறியத்தான் போகிறோம்.

இது மருத்துவச் சாதனம் அல்ல என்று உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அது தரும் எண்ணை நேரடியாக நோயாளியின் ரிப்போர்ட்டில் ஒட்டாதீர்கள். அனுமதி பெற்ற மென்பொருள் வேண்டும். இல்லையென்றால், கணினி கைகாட்டிய படத்தை மருத்துவரே திறந்து, தானே அளந்து, தன் அளவை எழுத வேண்டும். நான் இரண்டாவது வழியில்தான் போகிறேன். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

பிரித்தெடுத்த கல்லீரல் மாஸ்க்கை (எந்தெந்தப் புள்ளி கல்லீரல் என்று நிரல் குறித்த பகுதியை) அப்படியே சராசரி எடுக்க வேண்டாம். ஓரப் புள்ளிகளில் கொஞ்சம் கல்லீரலும் கொஞ்சம் வெளிக் கொழுப்பும் நுரையீரல் காற்றும் கலந்திருக்கும். எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் உள்ளே சுருக்குங்கள். அப்புறம் சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். ஒன்றிரண்டு நீர்க்கட்டி, ஒரு உலோகக் கிளிப், பெரிய ரத்தக்குழாய் இதையெல்லாம் இடைநிலை தாங்கிக்கொள்ளும். கல்லீரல் முழுக்கக் கட்டிகள் இருந்தால் எந்தக் கணக்கும் தாங்காது. அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

மாஸ்க்கைக் கண்ணால் பார்க்காமல் எண்ணை எடுக்கக் கூடாது என்பதில் நான் கறார். ஒவ்வொருவருக்கும் மேல், நடு, கீழ் என மூன்று வெட்டுகளில் மாஸ்க்கைப் படத்தின் மேல் நிறமாகப் போட்டு ஒரே சிறு படமாகச் சேமிக்கச் சொல்லியிருக்கிறேன். டீ குடிக்கும் நேரத்தில் ஒரு நாளின் படங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிடலாம். எங்கே தப்பு வரும் என்று பழகிவிட்டது: வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் இரைப்பை இடது மடலோடு ஒட்டிப்போவது, நெஞ்சில் நீர் கோத்திருந்தால் மாஸ்க் மேலே ஏறுவது, வயிற்று நீருக்குள் வழிவது. கூடவே கொள்ளளவையும் பாருங்கள். பெரியவர்களின் கல்லீரல் ஏறத்தாழ 1,200 முதல் 1,800 மில்லிலிட்டர் இருக்கும். 700 என்றோ 3,000 என்றோ வந்தால் திறந்து பாருங்கள். உண்மையாகவே சுருங்கியோ வீங்கியோ இருக்கலாம், மாஸ்க்கும் பிசகியிருக்கலாம். நெஞ்சு சி.டி.யில் கல்லீரலின் மேல்பகுதி மட்டும் இருப்பதால் கொள்ளளவு குறைவாகத்தான் வரும், அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம்? 120 கிலோவோல்ட், கான்ட்ராஸ்ட் இல்லாத படம், கல்லீரல் 40-க்குக் கீழே என்றால் குறிப்பிடத்தக்க கொழுப்பு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். மண்ணீரலைவிடப் பத்துக்கு மேல் குறைந்திருந்தாலும் அப்படியே. எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் 57 என்பது ஏறத்தாழ 5 சதவீதக் கொழுப்பு, 40 என்பது ஏறத்தாழ 15 சதவீதம். 40-க்கும் 57-க்கும் நடுவில் உள்ளவர்களைப் பற்றி அடித்துப் பேச முடியாது. மெஷினுக்கு மெஷின் நாலைந்து புள்ளி வித்தியாசம் வருவது சகஜம். அதனால்தான் மண்ணீரலை சாட்சிக்கு வைத்துக்கொள்கிறோம்: மெஷின் எல்லாவற்றையும் கீழே தள்ளிக் காட்டினால் மண்ணீரலும் சேர்ந்து இறங்கியிருக்கும். மண்ணீரலை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த சாட்சி கிடையாது. சில நேரம் நிரல் அந்த இடத்தில் குடலைப் பிடித்து ‘மண்ணீரல்’ என்று கொடுக்கும், கவனம்.

சதவீதத்தில் ஒரு குழி இருக்கிறது. திசுப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 40 சதவீதம் என்றால் நூறு செல்லில் நாற்பதில் கொழுப்புத் துளி தெரிகிறது என்று பொருள். எம்.ஆர்.ஐ. சொல்லும் சதவீதம் தண்ணீரும் கொழுப்பும் தரும் மொத்த சிக்னலில் கொழுப்பின் பங்கு. எம்.ஆர்.ஐ.யில் 20 சதவீதம் வந்தாலே அது அதிகக் கொழுப்பு. இரண்டையும் அருகருகே வைத்து “குறைந்துவிட்டதே” என்று நோயாளியைச் சந்தோஷப்படுத்தி அனுப்பும் ரிப்போர்ட்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறைந்த எண்ணைவிட அதிக எண்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும். ஒருவருக்குக் கல்லீரல் 88 வந்தது. நிரல் “கொழுப்பு இல்லை” என்று பச்சை காட்டியது. மருந்துச் சீட்டைப் பார்த்தால், இதயத் துடிப்புக் கோளாறுக்கு நெடுநாளாக அமியோடரோன் எடுத்துக்கொள்கிறார். அந்த மருந்தில் அயோடின் இருக்கிறது, கல்லீரலில் தங்கி எண்ணை ஏற்றிவிடும். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இரும்பு சேர்ந்தாலும் இதே கதை. இரும்பும் கொழுப்பும் சேர்ந்தே இருந்தால் ஒன்று மேலே இழுக்க, ஒன்று கீழே இழுக்க, எண் அழகாக 58-இல் வந்து உட்காரும்! ஆகவே 75-க்கு மேல் வந்தால் “கொழுப்பு இல்லை” என்று எழுதாமல் “இந்த முறையில் மதிப்பிட முடியாது” என்று எழுத வைத்திருக்கிறேன்.

கொழுப்பு எல்லா இடத்திலும் சமமாகப் படிவதும் இல்லை. பித்தப்பைக்குப் பக்கத்தில் அது விட்டுப்போகும். கல்லீரலின் முன்பக்கப் பிளவுக்கு அருகே மட்டும் சிலருக்குத் திட்டாகச் சேரும். ஒரே எண்ணில் இது தெரியாது. 10-ஆவது, 90-ஆவது சதமான எண்களையும் (புள்ளிகளில் 10 சதவீதமும் 90 சதவீதமும் எந்த எண்ணுக்குக் கீழே இருக்கின்றனவோ அவற்றை) சேர்த்து எடுத்து, இடைவெளி வழக்கத்தைவிட அகலமாக இருக்கும் படங்களைத் தனியே பாருங்கள். கைகளை உயர்த்த முடியாமல் பக்கத்தில் வைத்தபடியே படம் எடுத்தவர்களுக்குக் கல்லீரலின் குறுக்கே கோடுகோடாக விழும்; அதுவும் இந்த இடைவெளியில் மாட்டும்.

ஏற்பாட்டை ஓட்டுவதற்கு முன் உங்கள் படங்களிலேயே அதைச் சோதியுங்கள். விற்பவர் தரும் எண்கள் அவர்களுடைய படங்களுக்கானவை. உங்கள் ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒல்லி, பருமன், கொழுப்பு உள்ளவர், இல்லாதவர் எனக் கலந்து நூறு போல எடுங்கள். வலது மடலில் இரண்டு, இடது மடலில் ஒன்று என ரத்தக்குழாயைத் தவிர்த்து மூன்று வட்டங்களைக் கையால் வரைந்து அளக்கச் சொல்லுங்கள். அளப்பவருக்குக் கணினியின் எண் தெரியக் கூடாது. பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புள்ளிகளாகப் போட்டுப் பாருங்கள். பிளாண்ட்-ஆல்ட்மன் வரைபடம் என்பது இதுதான். “தொடர்புக் குணகம் 0.98” என்று யாராவது காட்டினால் மயங்காதீர்கள்; இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்பதை மட்டும்தான் அது சொல்லும். கணினி எல்லாருக்கும் சரியாக 8 புள்ளி குறைத்துக் காட்டினாலும் அந்தக் குணகம் அப்படியே இருக்கும், ஆனால் வரம்புக்குச் சற்று மேலே இருப்பவர்கள் தப்பாக நோயாளி ஆகிவிடுவார்கள். வித்தியாசம் அதிகமாக வந்த பத்துப் படங்களைத் திறந்து உட்காருங்கள். ஏற்பாட்டின் பலவீனமெல்லாம் அந்தப் பத்தில்தான் இருக்கும்.

இன்னொரு கணக்கு. நோயுள்ளவரில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விடும் ஒரு கருவி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் நூறு பேருக்கு நோய் இருந்தால் 80 பேரைப் பிடிக்கும். மிச்சம் 900 பேரில் 90 பேரைத் தப்பாகப் பிடிக்கும். கொடி காட்டிய 170 பேரில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் நோய். அதனால்தான் தற்செயல் படங்களுக்கு நான் 40 என்ற கறாரான வரம்பை வைத்திருக்கிறேன். சிலரைத் தவறவிடுவோம். ஆனால் ஊரையெல்லாம் பயமுறுத்த மாட்டோம்.

ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது? “கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில், 120 கிலோவோல்ட்டில், கல்லீரல் 34, மண்ணீரல் 50. மிதமானது முதல் அதிகம் வரையிலான கொழுப்புக்கு ஒத்துப்போகிறது” என்று அளவோடும் நிபந்தனையோடும் எழுதுங்கள். காரணத்தை எழுதாதீர்கள். மது, ஸ்டீராய்டு, மார்பகப் புற்றுநோய் மருந்தான டாமாக்சிஃபென், சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாமே சி.டி.யில் ஒரே கறுப்புதான். 2023-இல் இந்த நோய்க்கு வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சூட்ட நோயாளியின் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, மதுப் பழக்கம் எல்லாம் தெரிய வேண்டும். அது அவருடைய மருத்துவரின் வேலை.

அதற்கு அடுத்த வரியை நான் விடாமல் எழுதுகிறேன்: தழும்பு இருக்கிறதா என்று பார்க்கவும். கல்லீரல் கொழுப்பைவிட, அதனால் வரும் நார்த்தழும்புதான் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. நம் எண் அதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. முதல்படி ஃபிப்-4 என்ற கணக்கு. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் ரத்தத்தில் அளக்கும் கல்லீரல் நொதிகள். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்க வேண்டும்; பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதைக் கொண்டு வகுக்க வேண்டும். வயது 52, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 210 ஆயிரம் என்றால், 2,496-ஐ 1,680-ஆல் வகுக்க 1.49 வரும். 1.3-க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு; 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 என்று வைத்துக்கொள்வார்கள். இவருக்கு 1.3-ஐத் தாண்டிவிட்டதால் கல்லீரல் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபிக்கு அனுப்ப வேண்டும். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலையில்லை.

தழும்பு முற்றிச் சுருங்கிய கல்லீரலில் பல நேரம் கொழுப்பு கரைந்துபோயிருக்கும். எண் நன்றாக ஏறியிருக்கும். அதனால் பழைய படத்தோடு ஒப்பிடும்போது மண்ணீரலின் கொள்ளளவையும் பாருங்கள்; எப்படியும் இலவசமாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறோம். கொழுப்பு குறைந்து மண்ணீரல் பெருத்திருந்தால் அது நல்ல செய்தி அல்ல. கல்லீரலின் ஓரம் கரடுமுரடாகத் தெரிகிறதா என்று உடனே பார்ப்பேன்.

சிகிச்சை எடுப்பவருக்குத் தொடர்ந்து அளக்க வேண்டுமென்றால் எம்.ஆர்.ஐ. நல்லது. அங்கே முதல் அளவிலிருந்து 30 சதவீதம் குறைந்தால், அதாவது 20-லிருந்து 14-க்கு வந்தால், திசுவிலும் முன்னேற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கும் மாஸ்க்கைப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும்: சில படங்களில் கணினி தண்ணீரையும் கொழுப்பையும் இடம்மாற்றிப் புரிந்துகொண்டு, கல்லீரலின் ஒரு பகுதி 90 சதவீதம் கொழுப்பு என்று சொல்லிவிடும்.

கடைசியாக, மென்பொருளைப் புதுப்பிக்கும்போது செய்ய வேண்டியது. நன்றாகத் தெரிந்த முப்பது படங்களைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள்: அமியோடரோன்காரர், மண்ணீரல் இல்லாதவர், வயிற்று நீர் உள்ளவர், கைகளைக் கீழே வைத்துப் படுத்தவர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். புதுப் பதிப்பு வந்தாலும், மெஷினை மாற்றினாலும், கெர்னலின் பெயர் மாறினாலும் முதலில் அந்த முப்பதையும் ஓட்டி, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் நகர்ந்தால் காரணம் தெரியும்வரை பழைய பதிப்பிலேயே இருங்கள்.